ஃபியூஸ் இருந்த இடத்தில்

திண்டுக்கல்,
11.6.2001

அண்ணனுக்கு ரீனா எழுதுவது.

கவரின் பின்னால் சைதூன் அக்காவின் விலாசம் இருப்பதைப் பார்த்து யாருக்கோ வந்தது என்று திருப்பி அனுப்பிவிடாதே. பதில் எழுதினாலும் அந்த விலாசத்துக்கே எழுது. பக்கத்து வீடுதான் என்பதால் அக்கா ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவார்கள். அம்மா பள்ளிக்கூடம் போன பிறகு இதை எழுதுகிறேன். உன் பெங்களூர் விலாசத்தை உன் சிநேகிதன் ஈஸ்வரனிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவனுக்கு மனசில்லை. "ஜெரோம் திட்டுவான்" என்றான். "திட்டட்டும், திட்டுறதுக்காவது ஒரு கார்டு போடுவான்ல" என்றேன்.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சைதூன் அக்காவைப் பரணில் ஏற்றி, அம்மா சாக்கில் கட்டிப் போட்டிருந்த நம் கம்ப்யூட்டரை இறக்கிவிட்டேன். காலேஜில் கழித்த போர்டு, செத்துப்போன லேப்டாப்பிலிருந்து நீ கழற்றிய திரை, சைக்கிள் கடை அழகர் அண்ணன் வெட்டிக் கொடுத்த அலுமினியத் தகடு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. எலி ஒரு வயரைக் கடித்திருந்தது. பற்ற வைத்துச் சுவர் கரண்டில் போட்டேன். திரை வந்தது. பேட்டரி மட்டும்தான் இல்லை.

அரசாங்கத்தில் எனக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி கொடுத்திருக்கிறார்கள். தெரு முனைவரை போய் வந்துவிட்டேன். முதுகெலும்புக் காசநோய் வந்து எட்டு வருஷத்தில் தனியாகத் தெரு முனையைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அங்கே ஒன்றும் இல்லை, ஒரு டீக்கடையும் குப்பைத்தொட்டியும்தான். ஆனாலும் பார்த்தேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுக்க உட்காரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் படுத்துக்கொண்டு காலேஜ்காரர்களின் கட்டுரையை டைப் அடிப்பது அலுத்துவிட்டது. அந்த வாசலில் மரம் இருக்கிறது, கரண்ட் இல்லை. அதனால்தான் பேட்டரி. பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து போர்டுக்கு ஐந்து, திரைக்குப் பன்னிரண்டு. நானே படம் போட்டிருக்கிறேன். இதோடு இருக்கிறது.

உன்னிடம் செய்து கொடு என்று கேட்கவில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பு, போதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ரீனா


பெங்களூர்,
20.6.2001

ரீனா,

படம் பார்த்தேன். மூன்று இடத்தில் தப்பு. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் திருத்திவிடுவாய்.

மனு அடிக்க டைப்ரைட்டர் போதும். கரண்ட் வேண்டாம், சூடாகாது. பழைய டைப்ரைட்டர் நல்லதாக ஒன்று கிடைத்தால் அனுப்புகிறேன்.

நான் இங்கே யூபிஎஸ் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். பேங்க், ஆஸ்பத்திரி என்று போய்ப் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத பெண்ணின் காலருகே பேட்டரிப் பெட்டியை வைத்து, அவள் கெண்டைக்கால் வேகும்வரை ஊரில் இல்லாமல் போனவன் நான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது.

அதைத் திரும்பச் செய்ய என்னால் ஆகாது. சாக்கில் கட்டி மேலே போடு.

ஜெரோம்


திண்டுக்கல்,
1.7.2001

அண்ணனுக்கு,

டைப்ரைட்டர் எட்டு கிலோ. மடியில் வைத்தால் என் தொடையில் புண் வரும். மேஜை போட்டால் வண்டியை விட்டு இறங்க வேண்டும், இறக்கி ஏற்ற ஆள் வேண்டும். ஆளே வேண்டாம் என்பதற்குத்தானே இவ்வளவும்.

உன் மூன்று தப்பில் இரண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று, சார்ஜர். பேட்டரி நிறைந்த பிறகும் அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்த ஒன்றும் போடவில்லை. இரண்டாவதுக்கு நாலு நாள் ஆனது. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்க நான் போட்டிருக்கும் ரெகுலேட்டர் மீதி ஏழு வோல்ட்டையும் சூடாக்கித் தள்ளிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தின்பதைவிட அதிகம் சூடாகப் போகிறது. பேட்டரி அரைவாசியை என் மடிக்குக் கணப்புப் போடவா வாங்குவது?

மூன்றாவது எது என்று தெரியவில்லை. நீ சொல்லாவிட்டால் பரவாயில்லை. நாகல் நகர் கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் செல்களைத் தருகிறேன் என்கிறார். லித்தியம். டார்ச் லைட் செல்லைவிடக் கொஞ்சம் சின்னது, எடையே இல்லை. பன்னிரண்டு செல்லைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிடலாம். சார்ஜருக்கு அவரே ஏதோ வழி சொல்கிறார். வருகிற சனிக்கிழமை கொண்டுவருவார்.

ரீனா


பெங்களூர்,
5.7.2001

ரீனா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் வரவேண்டும் என்று. அந்தச் செல்களை வாங்காதே. வாங்கிவிட்டால் வீட்டுக்குள் வைக்காதே. சைதூன் அக்கா கையால் கொல்லையில் மணலில் போடச் சொல்.

லித்தியம் செல் ஒவ்வொன்றும் நாலே கால் வோல்ட்டைத் தொடவே கூடாது. பழைய செல்கள் பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று நிறைந்திருக்கும், பக்கத்தில் இருப்பது நிறைந்திருக்காது. சேர்த்துச் சார்ஜ் போட்டால் நிறைந்தது வெடிக்கும். கம்பெனி பேட்டரிக்குள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன போர்டு இருக்கும். உடைக்கும்போது அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் உடனே அடங்காது. மற்றவர்கள் எழுந்து ஓடுவார்கள். நீ?

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சரி, கேள்.

பேட்டரி எடை குறைவாக இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய்? தூக்கிக்கொண்டு நடக்கப்போவது நீ இல்லை, வண்டி. யூபிஎஸ்ஸில் போடுகிற சீல் வைத்த பேட்டரி, பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர்-ஹவர். இரண்டரை கிலோ. சீட்டுக்குப் பின்னால், வெளிப்பக்கம், மரப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டிக்கும் உன் முதுகுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அடியிலும் மேலேயும் ஓட்டை. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் மட்டும்தான் வரும்.

ஐந்து வோல்ட்டுக்கு ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போடு. சூடு கொஞ்சம்தான். இரண்டு அனுப்புகிறேன், ஒன்று கெட்டால் இருக்கட்டும். பேட்டரி பதினொரு வோல்ட்டுக்கு இறங்கியதும் கத்தி, கொஞ்ச நேரத்தில் தானே அணைய ஒரு சர்க்யூட் வரைந்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் அடித்தகட்டில் ஒரு தெர்மிஸ்டர் ஒட்ட வேண்டும். நாற்பது டிகிரி தாண்டினால் பஸ்ஸர் அடிக்கும். உன் தொடை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும்.

மூன்றாவது தப்பு ஃபியூஸ். நீ அதைக் கம்ப்யூட்டர் பக்கம் போட்டிருக்கிறாய். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் வயர் எங்கே ஷார்ட் ஆனாலும் அது போக வேண்டும். போனால், ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றக் கூடாது. அதைப்பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

காயம் ஆறிவிட்டதா? ஈஸ்வரன் ஆறிவிட்டது என்றான். நீ எழுது.

ஜெரோம்


திண்டுக்கல்,
29.7.2001

அண்ணனுக்கு,

செல் வாங்கவில்லை. கடைக்காரருக்குக் கோபம்.

ரெகுலேட்டர் வந்தது. பேட்டரியைக் கடையிலேயே சார்ஜ் ஏற்றி வாங்கினேன். அழகர் அண்ணன் சைக்கிள் கடையிலேயே பெட்டி செய்துவிட்டார். நாலு விரல் என்று எழுதியிருந்தாயே, யாருடைய விரல் என்று கேட்டார். ஜெரோம் விரல் என்றேன். கொஞ்சம் யோசித்து ஐந்து விரல் விட்டுவிட்டார்.

அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். போன வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதை மறந்து சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. கட்டிலில் கிடந்த வயரையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு காலு போதாதா ஒனக்கு. இன்னொன்னையும் பொசுக்கணுமா?"

"இது வேற மாதிரிம்மா. பேட்டரி வண்டிக்குப் பின்னாடி இருக்கும். என்கிட்டயே வராது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. அயர்னை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சாவியைக் கட்டில்மேல் போட்டாள். "நான் வீட்டுல இருக்கும்போதுதான் கரண்டு குடுக்கணும். சொல்லிட்டேன்" என்றாள். அதிலிருந்து நான் வேலை செய்யும்போதெல்லாம் எதிரே நாற்காலி போட்டுப் பரீட்சைத்தாள் திருத்துகிறாள். நிமிர்வதில்லை. ஆனால் மூக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நேற்று முழுதாக இணைத்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு வாட் எடுக்கிறது. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிஷத்தில் கத்தியது, மூன்று மணிக்கு அணைந்தது. அடித்தகடு முப்பத்தாறு டிகிரிக்கு மேல் போகவில்லை. சார்ஜரை மட்டும் இன்னும் கட்டவில்லை. எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்று எழுது.

காலுக்கு டாக்டர் பார்க்கிறார்.

ரீனா


பெங்களூர்,
6.8.2001

ரீனா,

மூன்று மணி நேரம் நல்ல அளவு. அதற்குமேல் இழுக்க ஆசைப்படாதே.

காலுக்கு டாக்டர் பார்க்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒன்றரை வருஷம் கழித்து எதற்குப் பார்க்கிறார்? விவரமாக எழுது. சார்ஜர் பற்றி அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

ஜெரோம்


பெங்களூர்,
7.9.2001

ரீனா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. சைதூன் அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "நல்லா இருக்கா தம்பி, வேலையா இருக்கா" என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கும் தெரியும். என்ன நடந்தது? சார்ஜர் கட்டினாயா? ஏதாவது ஆகிவிட்டதா?

ஒரு வரி போடு.

ஜெரோம்


திண்டுக்கல்,
8.10.2001

அண்ணனுக்கு,

சார்ஜரால் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி, மதுரையில். ஐந்து வாரம் அங்கே இருந்தேன். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது.

அந்தப் புண் ஆறவே இல்லை. மேலே மூடும், உள்ளே சீழ் வைக்கும், மறுபடி உடையும். ஈஸ்வரனிடம் ஆறிவிட்டது என்று சொல்லச் சொன்னது நான்தான். ஜூலையில் எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். ஆகஸ்டில் காய்ச்சல் விடவில்லை. காலா ஆளா என்று டாக்டர் கேட்டார். அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். வாத்தியார் கையெழுத்து இல்லையா, எப்போதும் அச்சு மாதிரி இருக்கும். அன்றைக்குப் போட்டதை அவளாலேயே படிக்க முடியவில்லை.

எனக்கு இரண்டும் ஒன்றுதான், இருந்தபோதும் அது என்னிடம் பேசியதில்லை என்று நர்ஸிடம் சொன்னேன். அது பொய். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதே.

நீ வர வேண்டாம். அம்மா உன் பெயரை இப்போது சாபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரீனா


பெங்களூர்,
17.10.2001

ரீனா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போதே.

போன வருஷம் ஏப்ரலில், அந்த வாரம், ஃபியூஸ் நாலு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் நீ கூப்பிட்டாய், நான் மாற்றினேன். வியாழக்கிழமை காலையில் ஐந்தாவது தடவை போனது. எனக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு வேலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையில் வேறு ஃபியூஸ் இல்லை, கடை திறக்கவில்லை. நீ கட்டுரையை அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டாய். வயரிலிருந்து செம்புக் கம்பி பிரித்து ஃபியூஸ் இருந்த இடத்தில் முறுக்கிவிட்டேன். "மாத்திட்டேன், நீ அடி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பெட்டி மூடியின் திருகு உள்ளே வயர் ரப்பரை அறுத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் அதைத்தான் நாலு தடவை சொன்னது. ஐந்தாவது தடவை சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டேன். கம்பி பழுத்தது, தகரப் பெட்டி பழுத்தது, உன் கால் அதை ஒட்டிக் கிடந்தது.

எல்லோரிடமும் பேட்டரி மட்டமான சரக்கு என்று சொன்னேன். அம்மா என்னைப் போகச் சொன்னபோது, அந்தக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போனேன். யாரும் பார்க்கக் கூடாது என்று. பஸ்ஸில் ஜன்னல் வழியாக வீசினேன். வடமதுரை தாண்டி.

உன் காலை எடுத்தது நான். அம்மாவிடம் காட்டு இதை.

ஜெரோம்


திண்டுக்கல்,
5.11.2001

அண்ணனுக்கு,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். லேசான காகிதம், சுவர்வரை போகவில்லை. கட்டில் ஓரத்திலேயே விழுந்தது.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்து நீயும் எறிவாய்.

அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா. டாக்டரிடம், அம்மாவிடம், உன்னிடம். நான் தூங்கவில்லை. எனக்கு வாடை வந்தது. முதலில் பின் தெருவில் யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை வந்தபோது நம் வீட்டுக்குள்தான் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். போர்வை ஓரத்தில் நூல் மாதிரி புகை. கை எட்டுகிற தூரம்தான். வயரைப் பிடுங்கியிருக்கலாம்.

நாற்பது பக்கத்தில் கடைசி மூன்று பக்கத்தை இன்னும் டிஸ்க்கில் ஏற்றவில்லை. பிடுங்கினால் போய்விடும். ஒரு பத்தி, ஒரே ஒரு பத்தி, முடித்து ஏற்றிவிட்டுப் பிடுங்கலாம் என்று திரும்பி அடித்தேன். வலிக்கவில்லையே அண்ணே. வலித்திருந்தால் எந்த மடையனாவது அடிப்பானா? போர்வை கருகுகிறது, போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். கால் என் நினைப்பிலேயே இல்லை. பத்து நிமிஷம் இருக்கும். டிஸ்க்கும் சட்டென்று எழுதவில்லை, கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. ஏறியது என்று வந்த பிறகுதான் வயரைப் பிடுங்கிப் போர்வையைத் தூக்கினேன்.

நீ வந்ததும் அம்மா உன்னை நிறுத்தி வைத்து, "நீ இந்த வீட்ல இருந்தா ஒருநா இவளக் கொன்னுபோடுவ, போயிரு" என்று சொன்னாள். நான் அங்கேதான் படுத்திருந்தேன். "அம்மா, எனக்குத் தெரியும், நான்தான் வயரப் புடுங்கல" என்று ஒரு வார்த்தை. வாய் வரை வந்தது. சொன்னால் இனிமேல் என்னைத் தனியாக விடமாட்டார்கள், ஒரு வேலையும் கொடுக்கமாட்டார்கள், கம்ப்யூட்டரைக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்று பயம். நீ பையை எடுத்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். கூடவே இதையும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, "இத இம்புட்டு நாளும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா என் கையால வாங்கித் தின்ன?" என்றாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள், உடம்பு துடைக்கிறாள், புரட்டிப் படுக்க வைக்கிறாள். பேசுவதில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. தெரிந்துகொள் என்று எழுதினேன்.

ரீனா


பெங்களூர்,
19.11.2001

ரீனா,

பத்தொன்பது மாதம். இங்கே எட்டுக்குப் பத்து அறையில் மூன்று பேர் படுக்கிறோம். போன கிறிஸ்துமஸுக்கு மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று. கொலைகாரனுக்கு எந்தப் பண்டிகை என்று நினைத்துக்கொண்டு. நீ அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய்.

நீ சொன்னதால் என் தப்பு ஒரு இம்மி குறைந்திருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். குறையவில்லை. கம்பியை முறுக்கியது முறுக்கியதுதான். உன் பொய்யும் இருக்கிறது, என் பொய்யும் இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியவில்லை. அதுதான் என்னை இவ்வளவு கோபப்படுத்துகிறது.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

சார்ஜர்: பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட்டில் நிற்க வேண்டும். மீட்டரில் பார்த்துத் திருகை வைத்து, மேலே நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுவிடு, நகராமல் இருக்கும். சார்ஜ் போடும்போது வண்டி வாசலில் நிற்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம். ஃபியூஸ் பத்து அனுப்பியிருக்கிறேன்.

ஜெரோம்


திண்டுக்கல்,
5.2.2002

அண்ணனுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டரை மாதம் எழுதவில்லை. இந்தக் கவரில் இருக்கும் இன்னொரு தாளுக்காக எழுதுகிறேன். அதை அனுப்பாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

பொங்கல் முடிந்ததும் தாலுகா ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். திங்கள், வியாழன் மட்டும். உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், அதற்குமேல் முடியாது. அங்கே சூசைமாணிக்கம் என்று ஒருவர் இருபது வருஷமாக டைப்ரைட்டர் வைத்திருக்கிறார். முதல் நாள் என் பக்கத்தில் வந்து, "ஏம்மா, ஊர்ல எம்புட்டோ எடம் இருக்கு, எங்க தலைமேலதான் வந்து ஒக்காரணுமா" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் மரத்தின் மறுபக்கம் வண்டியை நகர்த்திக்கொண்டேன். இன்னும் என் பக்கம் திரும்புவதில்லை.

முதல் வாரம் யாரும் வரவில்லை. வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் பேச்சாயி என்று தாடிக்கொம்புப் பக்கத்து அம்மா ஒருவர். விதவை உதவித்தொகைக்கு மூன்று தடவை மனுக் கொடுத்து, மூன்று தடவையும் புருஷன் பெயர் தப்பாக விழுந்து திருப்பிவிட்டார்களாம்.

"இதுல தப்பு விழுந்தா அழிக்கலாமா தாயி?"

"அழிக்கலாம். காயிதத்துல ஏத்துறதுக்கு முன்னாடி எத்தன தடவ வேணும்னாலும்."

"அப்ப நான் சொல்லச் சொல்ல அடி. மொக்கைச்சாமி. மூக்கச்சாமி இல்ல."

அடித்து, அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டி, ஃபிளாப்பியில் ஏற்றி எதிரே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன். போன வாரம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நேற்று நாலு பேர் நின்றார்கள். கடைசி ஆளாக அம்மா நின்றாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. நவம்பரிலிருந்து என்னிடம் வேண்டியதைத் தவிரப் பேசாதவள். முன்னால் இருந்தவர்கள் முடிகிறவரை குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே நின்றாள். அவள் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு லெட்டர் அடிக்கணும்" என்றாள்.

"யாருக்கு?"

"அடி, சொல்றேன்."

"வீட்லயே எழுதலாம்லம்மா."

"எழுதத் தெரியாமலா வந்திருக்கேன். பேனாவப் புடிச்சா கையி ஓடமாட்டேங்குது. நீ அடி."

சொன்னாள், அடித்தேன். நடுவில் நான் நிறுத்தினால், "ஒன்னய எழுதச் சொன்னேன், அழுகச் சொல்லல" என்றாள். பஸ்ஸர் கத்தியது. உடனே ஃபிளாப்பியில் ஏற்றினேன். அதற்குமேல் பேட்டரி இல்லை, திரை அணைந்துவிட்டது. வாக்கியம் பாதியில் நின்றது. "வீட்ல போயிச் சார்ஜ் போட்டு மிச்சத்த அடிக்கலாம்மா" என்றேன். அவள் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வாங்கி, கடைக்காரரிடமே பேனா இரவல் வாங்கினாள். மரத்தடியில் நின்று, வண்டியின் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிமேல் தாளை வைத்து மீதியை எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. மடித்துக் கொடுத்து, "கவர்ல வையி" என்றாள். நான் பிரித்துப் படித்துவிட்டேன். நீ கோபப்பட இன்னும் ஒரு காரணம்.

ரீனா


(இதோடு இருந்த தாள். மேல்பகுதி அச்சு.)

ஜெரோமுக்கு அம்மா செபஸ்தியம்மாள் எழுதுவது.

நீ பொய் சொன்னாய். ரீனாவும் பொய் சொன்னாள். இந்த வீட்டில் நிஜம் பேசியது நான் ஒருத்திதான் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்தது.

நீ இங்கே இருந்தால் இவள் செத்துப்போவாள் என்று சொன்னேன் அல்லவா. அது நிஜம் இல்லை. சொல்லும்போதே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் காலைப் பார்த்தபோது யாரையாவது வெளியே தள்ளினால்தான் என்னால் நிற்க முடியும் என்று இருந்தது. இவளைத் தள்ள முடியாது. நடக்கிற பிள்ளை நீதான். அதனால்தான் உன்னை

(கீழே, பேனாவால்.)

தள்ளினேன். கரண்ட் போய்விட்டது, கையால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்த பிறகு வா என்று சொல்லமாட்டேன். தீராது. எனக்கும் தீரவில்லை. கோபத்தோடேயே வா.